பறங்கிப் புண்: மறந்துபோன ஒரு நோயின் வரலாறு



பறங்கிக்காய்க்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நம் பழைய மாணவர் ஒருவர், "டீச்சர், பறங்கிக்காய், பறங்கிமலை, பறங்கிப்பேட்டை எல்லாம் புரிந்தது. பறங்கிப் புண் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. நான்கைந்து கண்டங்களைச் சுற்றி வரும் பெரிய கதை. ஆகவே பதிவு நீளமாகிவிட்டது. அவசரமில்லை, ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம்.

பறங்கி என்றால் ஐரோப்பியர், அதிலும் குறிப்பாகப் போர்த்துகீசியர். அவர்கள் வந்த பிறகு நம் மண்ணில் தெரிய வந்த பல பொருள்களுக்கு அவர்கள் பெயரையே ஒட்டினோம். நோய்க்கும் அப்படித்தான். நம் பக்கத்துச் சித்த வைத்தியர்கள் பறங்கிப் புண் என்று சொன்னது பெரும்பாலும் மேகநோய் என்கிற சிபிலிஸை. அதற்குக் கொடுத்த ஒரு மருந்துச் சரக்கின் பெயரும் பறங்கிப்பட்டைதான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 'பறங்கி' என்ற சொல் இன்னொரு நோயைக் குறித்தது. சிங்களவரும் தமிழரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஆங்கிலேய அதிகாரிகளும் தங்கள் அறிக்கைகளில் அதே பெயரைத்தான் எழுதினார்கள். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கின்சி வீதி என்று ஒரு சாலை இருக்கிறது. இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி என்பவரின் பெயர் அது. அவர் 1881-ல் இந்தப் பறங்கி நோயைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே எழுதினார்.

உலகம் இந்த நோயை யாஸ் என்று அழைக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பியான். இந்தோனேசியர்களுக்குப் பாட்டெக். நம் நாட்டிலேயே சில பகுதிகளில் கோயா ரோகம், கோண்டி ரோகம் என்று பழங்குடி மக்களின் பெயரை இதற்கு வைத்திருந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கைக்காரர்கள் நோய்க்குப் பறங்கியின் பெயரை வைத்தார்கள். சமவெளிக்காரர்கள் மலைவாசியின் பெயரை வைத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள், இது ஆப்பிரிக்க அடிமைகளின் நோய் என்று சொல்லி அவர்களைத் தனிக் கொட்டகைகளில் அடைத்துவைத்தார்கள். ஆக, நோய்க்குப் பெயர் வைப்பது என்றால் பழியை அடுத்தவன் தலையில் போடுவது என்றுதான் பல காலம் நடந்திருக்கிறது. அந்தப் பழக்கம் மாறிய கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நோய் என்ன செய்யும்?

இது குழந்தைகளின் நோய். பெரும்பாலும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் வரும். வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டோரக் கிராமங்களில், குளிக்கத் துவைக்கத் தண்ணீரும் சோப்பும் எட்டாத வீடுகளில் இருக்கும். காலில் ஒரு சிராய்ப்பு இருக்கும். புண் உள்ள பிள்ளையோடு விளையாடும்போது தோலோடு தோல் உரசும். அந்தச் சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். சில வாரங்களில் அந்த இடத்தில் ஒரு புண் கிளம்பும். இதைத் தாய்ப்புண் என்கிறார்கள். அது ஆறிய பிறகோ, ஆறுவதற்கு முன்னாலேயோ உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புண்கள் வரும். உள்ளங்காலில் வந்துவிட்டால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாது. அந்தப் பிள்ளை நண்டு மாதிரி பக்கவாட்டில் காலை வைத்து நடக்கும். அப்படி நடக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரும்?

கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருடம் கழித்து எலும்பைத் தாக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு வாள் போல வளையும். மூக்கும் அண்ணமும் அரிக்கப்பட்டு முகமே உருக்குலையும்.

உயிர் மட்டும் போகாது. இந்த நோய்க்கு அதுவே கெட்ட காலமாகப் போயிற்று. உயிரைக் கொல்லும் காலராவுக்கும் பிளேக்குக்கும் அரசாங்கங்கள் பயந்தன. கொல்லாமல் முடமாக்கும் நோயை யார் கண்டுகொள்வார்கள்? அதுவும் சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கிற ஏழைப் பிள்ளையின் காலில் உள்ள புண்ணை! இத்தகைய நோய்களை உலக சுகாதார நிறுவனம் இன்று 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்று ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. தொழுநோய், யானைக்கால், சிரங்கு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கிருமியைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்தில்தான். 1905-ல் கொழும்பில் வேலை பார்த்த ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர், பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியில் பார்த்து, திருகாணி போலச் சுருண்ட ஒரு கிருமியைக் கண்டார். அதே 1905-ல்தான் பெர்லினில் சிபிலிஸ் கிருமியையும் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே சொல்லலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் யாஸ் பால்வினை நோய் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதால் பரவும் நோய்.

ஆக, நம் சித்த வைத்தியரும் இலங்கைக் கிராமத்தாரும் இரண்டு நோய்க்கும் ஒரே பறங்கிப் பெயரை வைத்ததில் ஒரு தற்செயலான பொருத்தம் இருந்திருக்கிறது.

கிருமி தெரிந்துவிட்டது. மருந்து? முதலில் ஆர்சனிக் கலந்த ஊசி மருந்து வந்தது. வேலை செய்தது. ஆனால் விலை அதிகம், நச்சுத்தன்மையும் உண்டு, திரும்பத் திரும்பப் போட வேண்டும். பிறகு பெனிசிலின் வந்தது. 1940-களின் கடைசியில், உடம்பில் மெல்லக் கரைந்து பல நாள் தங்குகிற வகையில் பெனிசிலினைத் தயாரித்தார்கள். அதில் ஒரே ஒரு ஊசி போட்டால் போதும். சில நாளில் புண் காய்ந்துவிடும். நண்டு நடை நடந்த பிள்ளை ஓடத் தொடங்கும்.

உலகம் சேர்ந்த கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தது. அடுத்த வருடமே அதன் பேரவையில் இந்த நோய்க் குடும்பத்தை எதிர்த்து நாடுகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யுனிசெஃப் பெனிசிலின், ஊசி, வண்டி ஆகியவற்றைக் கொடுப்பது, உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களையும் வழிமுறைகளையும் கொடுப்பது, அந்தந்த நாட்டு அரசு ஆட்களைக் கொடுப்பது என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹெயிட்டியில் 1950-ல் தொடங்கினார்கள். அங்கே முதலில் மக்கள் கூடும் இடங்களில் முகாம் போட்டார்கள். வர முடிந்தவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் விட்டுப்போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போகிற முறைக்கு மாறினார்கள்.

இந்தோனேசியாவில் கொடிஜாட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. போருக்கு முன்பே, பெனிசிலின் வருவதற்கு முன்பே, ஜாவா கிராமங்களில் இந்த நோயோடு மல்லுக்கட்டியவர் அவர். நாடு பெரியது, நோயாளிகள் லட்சக்கணக்கில், மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. என்ன செய்வது? அவர் யோசித்தது எளிமையான வழி. ஓரளவு படித்த உள்ளூர் ஆட்களைப் பிடித்து, இந்த ஒரு நோயை மட்டும் அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்கு ஜூரு பாட்டெக் என்று பெயர். அவர்கள் வீடு வீடாகப் போய்க் குடும்பத்தில் உள்ள எல்லாரையும் பதிவேட்டில் எழுதி, புண் இருக்கிறதா என்று பார்த்து வைப்பார்கள். பின்னாலேயே ஊசி போடுகிறவர் வருவார். அவ்வளவுதான். பெரிய கட்டடம் இல்லை, பெரிய படிப்பு இல்லை. அந்த எளிய முறை மற்ற நாடுகளுக்கும் வழிகாட்டியது. 1961-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வகுப்பறைக்குள் காலம் கழித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். உலகத்தையே சுற்றிய இந்தத் திட்டத்தின் அடிப்படைக் கருவி என்ன? ஒரு பதிவேடு! வருகைப் பதிவேடு எடுக்கத் தெரிந்தவர் எவரும் இந்த வேலையைச் செய்திருக்கலாம்.

1952-ல் பாங்காக்கில் யாஸ் நோய்க்கான முதல் சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. 1955-ல் நைஜீரியாவின் எனுகு நகரில் இரண்டாவது. ஒரு நாட்டில் கற்ற பாடத்தை இன்னொரு நாட்டுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே இந்தக் கூட்டங்கள். ஒரு முக்கியமான கேள்வி அப்போது எழுந்தது. யாருக்கு ஊசி போடுவது? புண் உள்ளவருக்கு மட்டுமா, ஊருக்கே போடுவதா?

இந்தக் கேள்விக்குக் காரணம் இந்தக் கிருமியின் ஒரு தந்திரம். புண் ஆறிய பிறகும் கிருமி உடம்புக்குள் பதுங்கியிருக்கும். ஆள் பார்க்க நன்றாக இருப்பார். ஒன்றிரண்டு வருடம், ஏன் ஐந்து வருடம் கழித்துக்கூட மறுபடி புண் வெடிக்கும், அடுத்த பிள்ளைக்கு ஒட்டும். கண்ணுக்குத் தெரியும் ஒரு புண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கிருமியைச் சுமக்கிற பலர் இருப்பார்கள்.

ஆகவே ஒரு கணக்குப் போட்டார்கள். ஊரில் 100 பேரில் 10 பேருக்கு மேல் புண் இருந்தால் ஊருக்கே ஊசி. 5 முதல் 10 பேர் என்றால் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், நோயாளிகளோடு பழகியவர்களுக்கும். 5 பேருக்குக் குறைவு என்றால் நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் மட்டும்.

1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் இந்த வேலை நடந்தது. ஏறத்தாழ 30 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். 5 கோடிப் பேருக்கு மேல் சிகிச்சை கொடுத்தார்கள். இதெல்லாம் அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்தில் நடந்தது. இந்த நாடுகளில் பலவும் அப்போதுதான் சுதந்திரம் பெற்றவை, சில இன்னும் பெறாதவை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1887-ல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இந்த நோய் இருப்பது முதலில் பதிவாயிற்று. பிறகு ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா பக்கத்துக் காட்டுப் பகுதிகளில் நிலைத்துவிட்டது. 1950-களில் நம் சுகாதார ஊழியர்களும் பெனிசிலின் பெட்டியோடு அந்தக் காடுகளில் நடந்தார்கள். மருந்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்று, யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் இரண்டின் உதவியோடு பூனாவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் பெனிசிலின் தொழிற்சாலை ஒன்றும் 1954-ல் வந்தது. இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் அது. இயந்திரமும் தொழில்நுட்பமும் வெளியிலிருந்து, உழைப்பு நம்முடையது. ஒத்துழைப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். மீனைக் கொடுப்பதோடு நிற்காமல் வலை பின்னவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

12 வருட உழைப்பின் பலன்? உலகத்தில் 5 கோடியாக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 25 லட்சமாக இறங்கியது. என்னிடம் கணக்குப் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். 95 சதவீதம் குறைவு. வகுப்பில் 95 மதிப்பெண் வாங்கினால் கைதட்டுவோம் அல்லவா? உலகமும் கைதட்டியது. தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

அங்கேதான் தவறு நடந்தது.

நோய் குறைந்துவிட்டது, இனிமேல் இதற்கென்று தனிப்படை எதற்கு, மீதியை அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சமிருந்த நோயாளிகள் எங்கே இருந்தார்கள்? சுகாதார நிலையமே இல்லாத இடங்களில். இருந்தாலும் அங்கே மருந்து இல்லை, ஆள் இல்லை, பணம் இல்லை. தனிப்படையைக் கலைத்தாயிற்று, பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவரோ அங்கே இல்லவே இல்லை. இளம் மருத்துவர்கள் யாஸ் புண்ணைப் பார்த்தால் அடையாளம் தெரியாத நிலையும் வந்தது. பார்த்ததில்லை என்றால் எப்படித் தெரியும்?

1970-களின் கடைசியில் நோய் மறுபடி தலைதூக்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகமாக. 1978-ல் உலக சுகாதாரப் பேரவை மறுபடியும் தீர்மானம் போட்டது. சில நாடுகள் மறுபடி வேலையைத் தொடங்கின. பழைய வேகம் வரவில்லை, பணமும் வரவில்லை.

இதோடு பெரியம்மையை ஒப்பிட்டுப் பாருங்கள். யாஸ் வேலை முதலில் தொடங்கியது. பெரியம்மைக்கான தீவிர இயக்கம் 1967-ல்தான் தொடங்கியது. ஆனால் 1980-ல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மை பதுங்கி இருக்காது, வந்தால் முகத்திலேயே தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பெரியம்மையில் கடைசி நோயாளி வரை விடாமல் தேடினார்கள். 95-ல் நிறுத்தவில்லை.

கடைசி வரை போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி.

1996-ல் ஒரிசாவின் கோராபுட் மாவட்டத்தில் யாஸ் ஒழிப்புத் திட்டத்தைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். டெல்லியில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் பொறுப்பேற்றது. பிறகு 10 மாநிலங்களின் 51 மாவட்டங்களுக்கு விரிந்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. முறை பழையதுதான்: வீடு வீடாகத் தேடுவது, நோயாளிக்கும் பழகியவர்களுக்கும் நீண்டநாள் தங்கும் பெனிசிலின் ஒரே ஊசி, அடுத்த வருடம் மறுபடி தேடுவது. புண்ணின் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். தேடிப்போன ஊர்கள் பெரும்பாலும் பழங்குடிக் குடியிருப்புகள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

1996-ல் 3,500-க்கு மேல் இருந்த நோயாளிகள் 2003-ல் 46 ஆனார்கள். 2004-ல் ஒருவரும் இல்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 'பூஜ்யம் வந்துவிட்டது, முடிந்தது' என்று கலைந்து போகவில்லை. 2006 செப்டம்பரில் நோய் அகற்றப்பட்டதாக அரசு அறிவித்தது. அதன் பிறகும் தேடல் தொடர்ந்தது. நோயாளி இருப்பதாகத் தகவல் சொன்னால் பணம் பரிசு என்று அறிவித்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏன் சின்னப் பிள்ளைகள்? அவர்கள் உடம்பில் தடயம் இல்லை என்றால், அவர்கள் பிறந்த பிறகு அந்த ஊரில் நோய் பரவவில்லை என்று அர்த்தம். பதுங்கியிருக்கும் கிருமியைப் பிடிக்க எவ்வளவு அழகான யுக்தி! 2015-ல் சர்வதேசக் குழு ஒன்று நேரில் வந்து சரிபார்த்தது. 2016 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை யாஸ் இல்லாத நாடு என்று அங்கீகரித்தது. 2012-ல் அந்த நிறுவனம் வகுத்த திட்டத்தின் கீழ் இந்தப் பெருமையைப் பெற்ற முதல் நாடு நம் நாடுதான்.

கடைசி நோயாளி 2003-ல். சான்றிதழ் 2016-ல். நடுவில் 12 வருடத்துக்கு மேல் இல்லாத ஒன்றைத் தேடி நடந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இனி பசிபிக் கடலுக்குப் போவோம். அங்கே இன்னும் நோய் ஒழியவில்லை.

பப்புவா நியூ கினியில் லிஹிர் என்று ஒரு தீவு. அங்கே பெரிய தங்கச் சுரங்கம் இருக்கிறது. தங்கம் விளையும் மண்ணில் பிள்ளைகளின் காலில் யாஸ் புண். அங்குள்ள மருத்துவமனையில் வேலை பார்த்த ஓரியோல் மிட்யா என்ற ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். ஊசிக்குப் பதிலாக மாத்திரை போதாதா? ஊசி என்றால் போடத் தெரிந்தவர் வேண்டும், ஊசி மருந்தைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகள் பயந்து ஓடும். 250 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பெனிசிலின் ஊசி, இன்னொன்றுக்கு அசித்ரோமைசின் ஒரே வேளை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து ஊசிக் குழுவில் 93 சதவீதம், மாத்திரைக் குழுவில் 96 சதவீதம் பேர் குணம். மாத்திரை ஊசிக்குச் சளைத்ததல்ல!

அதே வருடம் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் நிபுணர்கள் கூடிப் புதிய திட்டம் வகுத்தார்கள். பழைய சதவீதக் கணக்கெல்லாம் வேண்டாம், நோய் உள்ள ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து மிச்சமிருப்பவர்களுக்கு மறுபடி சிகிச்சை. பதுங்கியிருப்பவரையும் சேர்த்துப் பிடிக்கிற வழி இது. பின்னர் 2017-ல் பிரேசில் நாட்டு இ.எம்.எஸ். என்ற மருந்து நிறுவனம் 15 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகளை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. மருந்தைச் சோதித்தவர் ஸ்பெயின்காரர். சோதித்த இடம் பப்புவா நியூ கினி. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்து இந்த முயற்சியை நடத்திய கிங்ஸ்லி அசீடு கானா நாட்டுக்காரர். மாத்திரை பிரேசிலிலிருந்து. பழி போடப் பெயர் தேடிய உலகம் எங்கே, இந்த உலகம் எங்கே!

கதை இங்கே சுபமாக முடியும் என்று நினைப்பீர்கள். இல்லை.

2013-ல் லிஹிர் தீவு மக்கள் சுமார் 16,000 பேரில் 80 சதவீதத்துக்கு மேல் மாத்திரை கொடுத்தார்கள். 100-க்கு 2.4 பேர் என்று இருந்த நோய், ஒரு வருடத்தில் 0.3 ஆயிற்று. 18 மாதத்தில் 0.1. ஆனால் மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் 0.4 ஆக ஏறியிருந்தது. ஏன்? தேடிப் பார்த்தபோது, புதிதாகப் புண் வந்தவர்களில் பெரும்பாலோர் அன்று மாத்திரை வாங்காதவர்கள். ஊரில் இல்லாதவர்கள், விட்டுப்போனவர்கள். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தோமே, அந்த ஆட்கள். இன்னொரு கவலையும் சேர்ந்தது. ஐந்து பேரிடம் இருந்த கிருமி அசித்ரோமைசினுக்கு மசியவில்லை. அவர்களைப் பெனிசிலின் ஊசி போட்டுக் குணப்படுத்தினார்கள்.

உடனே கைவிடவில்லை. ஒரு சுற்று போதாது என்றால் மூன்று சுற்று கொடுத்துப் பார்ப்போம் என்று அதே நாட்டில் நியூ அயர்லாந்து மாகாணத்தில் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2022-ல் வந்த முடிவின்படி, ஆறு மாத இடைவெளியில் மூன்று சுற்று கொடுத்த ஊர்களில் நோய் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஒரே சுற்று கொடுத்த ஊர்களில் அவ்வளவு இறங்கவில்லை. முதல் சுற்றில் விட்டுப்போனவர் அடுத்த சுற்றில் கிடைத்துவிடுகிறார். வீட்டுப்பாடம் எழுதாதவனை மறுநாளும் கேட்டால்தானே எழுதுவான்!

2020-க்குள் ஒழிப்பது என்று வைத்த இலக்கு தவறிவிட்டது. இப்போது 2030 என்று வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலுமாக 15-க்கும் மேற்பட்ட நாடுகளில் இன்னும் இந்த நோய் இருக்கிறது. மருந்தும் விலை மலிவு, முறையும் தெரியும். பணமும் பொறுமையும்தான் பற்றாக்குறை.

இதில் எனக்குப் புரிந்த பாடத்தைச் சொல்கிறேன்.

முதல் 95 பேரைக் காப்பாற்றுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன், அதுவே பெரிய உழைப்பு. ஆனால் மீதி 5 பேர் வேறு மாதிரியானவர்கள். அவர்கள் சாலைக்கு எட்டாதவர்கள். கணக்கெடுப்பில் விட்டுப்போகிறவர்கள். முகாம் நடக்கும் நாளில் கூலி வேலைக்குப் போயிருப்பவர்கள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் குனிந்துகொள்ளும் பிள்ளையைப் போன்றவர்கள். முப்பது பேருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். சுருக்கமாக முடிந்துவிடும். அந்த ஒரு பிள்ளை மட்டும் அங்கேயே நின்றுவிடும். நோயின் விஷயத்தில் இன்னொன்றும் நடக்கும். அந்த ஒரு பிள்ளையிடமிருந்து நோய் மறுபடி எல்லாருக்கும் வரும்.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். என் மாணவிகளில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இருக்கிறீர்கள். பெயர் விட்டுப்போன ஒரு வீட்டுக்காக நீங்கள் இரண்டு கிலோமீட்டர் அதிகம் நடக்கும்போது, 'இது ஒரு வீடுதானே' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு: சிரங்கோ புண்ணோ உள்ள பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ஒதுக்கினால் விட்டுவிடாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசித்ரோமைசின் பெயர் நம் வீடுகளில் எல்லாருக்கும் இப்போது மனப்பாடம். சளி பிடித்தவுடன் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். இங்கே நாம் கண்டபடி விழுங்கினால் இங்குள்ள கிருமிகளும் அதற்குப் பழகிவிடும். நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து கைகொடுக்காது.

கேள்வி கேட்ட மாணவருக்கு நன்றி. பறங்கியைப் பற்றிக் கேட்டாய், தம்பி. அந்தப் புண் பறங்கியுடையதும் இல்லை, கோயாவுடையதும் இல்லை. யாருக்கும் கணக்கில் வராமல் போன பிள்ளைகளுடையது.

எல்லாரும் நலமாக இருங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்